வேண்டாம் என்கிறாளே, என்ன செய்வது?

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"என் தங்கைக்கு இது தலைச்சன் பிரசவம். பெண் குழந்தை. சுகப்பிரசவம்தான். ஆறாம் நாளிலிருந்து தூக்கமே இல்லை. ராத்திரி பூரா எழுந்து உட்கார்ந்து ஏதோ முணுமுணுப்பாள். 'இது என் குழந்தையில்லே, மாத்திட்டாங்க' என்பாள். கொஞ்ச நேரம் கழித்து அதே குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடமாட்டாள். அம்மா பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். மந்திரித்துக் கயிறும் கட்டினோம். ஒன்பதாம் நாள் குழந்தையோடு கிணற்றடியில் போய் நின்றாள். பதறிப்போய் வண்டி வைத்து ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே, 'எனக்கு ஒண்ணுமில்லே, ஊசி வேண்டாம்' என்று கத்தினாள். பெரிய டாக்டர், 'உடனே ஊசி போட்டாகணும்' என்றார். நர்ஸம்மா, 'பச்சை உடம்பு சார். நாலு பேர் பிடிச்சு அமுக்கிப் போடறது எனக்குச் சரியாப் படலே' என்றார். சமூகப் பணியாளர் என்று இன்னொரு அம்மா, 'அரை மணி நேரம் கொடுங்க, நான் பேசிப் பார்க்கறேன்' என்றார். எங்கள் முன்னாலேயே வாக்குவாதம்! கடைசியில் ஊசி போட்டார்கள். இரண்டு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது எவ்வளவோ தேவலை. ஆனால் மாத்திரை என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். அம்மா பொடி பண்ணி ரசம் சாதத்தில் கலந்து ஊட்டுகிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவங்களுக்குள்ளேயே ஒத்துப்போகலைன்னா நாங்க யாரை நம்பறது? அம்மா செய்வது தப்பா?"

சகோதரி, நல்ல கேள்விகள் இரண்டு கேட்டிருக்கிறீர்கள். பிரசவமான வீடு, பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீடு எல்லாவற்றுக்கும் உதவும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் வியாதியைப் பற்றி

நம் பாட்டிமார் "ஜன்னி கண்டிருக்கு" என்று சொல்லிவந்த சங்கதிகளில் இதுவும் ஒன்று. ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வரக்கூடியது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும். தூக்கம் கெடும், பேச்சு தடம் மாறும், குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்கள் தோன்றும். காலையில் தெளிவாக இருப்பவள் மாலையில் குழம்புவாள். "நல்லாத்தானே பேசறா" என்று வீட்டார் ஏமாந்துபோவது இதனால்தான்.

இது மனத்தளர்ச்சியால் வரும் சாதாரண அழுகை அல்ல. அவசர வைத்தியம் வேண்டிய நோய். தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து. கூடவே காய்ச்சல், வலிப்பு, தாங்க முடியாத தலைவலி ஏதாவது இருந்தால் உடம்பில் வேறு கோளாறு உண்டா என்றும் உடனே பார்த்தாக வேண்டும். நல்ல செய்தியும் உண்டு: சரியான வைத்தியம் கிடைத்தால் பெரும்பாலோர் பூரணமாகத் தேறிவிடுகிறார்கள். உங்கள் தங்கை கிணற்றடியில் நின்ற அன்றே கொண்டுபோனீர்களே, அது பெரிய காரியம்.

மூன்று பேர், மூன்று நியாயம்

ஒரு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் டாக்டர் மட்டும் வைத்தியம் செய்வதில்லை. டாக்டர், நர்ஸ், மனோதத்துவ நிபுணர், சமூகப் பணியாளர் என்று ஒரு குழுவே வேலை செய்கிறது. நோயாளி "சரி" என்று சொல்லிவிட்டால் இவர்களுக்குள் தகராறே கிடையாது. "வேண்டாம்" என்று அவள் சொன்ன நிமிஷத்தில்தான் ஆளுக்கொரு நியாயம் எழுகிறது.

டாக்டருக்கு நேரத்தைப் பற்றிக் கவலை. "இப்போது இவள் 'வேண்டாம்' என்பது இவள் பேச்சல்ல, வியாதியின் பேச்சு. நாளைக்குத் தெளிந்த பிறகு, 'ஏன் டாக்டர் என்னைத் தடுக்கலே?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்?" என்று அவர் நினைக்கிறார். கிணற்றடி அவர் கண்முன் நிற்கிறது.

நர்ஸுக்கு முறையைப் பற்றிக் கவலை. உத்தரவு எழுதுவது டாக்டர்; கையைப் பிடிப்பது நர்ஸ். தையல் ஆறாத உடம்பை நாலு பேர் அமுக்கும்போது அவள் கண்ணில் தெரியும் பயத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர் அவர்தான். அடுத்த எட்டு மணி நேரமும் அவளோடு இருந்து சோறு ஊட்ட வேண்டியவரும் அவரே. "பிடித்து அமுக்கிய கையால் கொடுக்கும் சோற்றை இவள் வாங்குவாளா?" என்பது அவர் கேள்வி.

சமூகப் பணியாளருக்கு நாளையைப் பற்றிக் கவலை. "இன்றைக்குப் பலவந்தம் செய்தால், வீட்டுக்குப் போனபின் மறுபடி இந்தப் படி ஏறுவாளா? மாத்திரையைத் தொடுவாளா?" உங்கள் தங்கை இப்போது வாயை மூடிக்கொள்வதைப் பார்த்தால், அந்தக் கவலை வீணல்ல என்று தெரிகிறதல்லவா?

யார் சொன்னது சரி? என் அபிப்பிராயம் இதுதான்: ஊசி போட வேண்டியிருந்தது என்பதில் டாக்டர் சரி. எப்படிப் போடுவது என்பதில் நர்ஸ் சரி. ஆள் பத்திரமாக ஒரு அறையில் இருந்து, குழந்தை வேறு கையில் இருந்தால், அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்துப் பார்ப்பதில் சமூகப் பணியாளரும் சரி. வாக்குவாதம் நடந்ததே நல்லது. யாருமே மறுபேச்சுப் பேசாமல், எல்லாரும் "பிடி, போடு" என்று கிளம்பும் இடம்தான் பயப்பட வேண்டிய இடம். உங்கள் காதில் விழும்படி நடத்தாமல் பக்கத்து அறையில் பேசியிருக்கலாம், அவ்வளவுதான்.

நம் ஊரில் இந்தக் குழுவில் நாலாவதாக ஒருவரும் உண்டு: வீட்டார். வேலூர் சி.எம்.சி. மனநலப் பிரிவில் நோயாளியோடு சொந்தக்காரர் ஒருவர் உடன் தங்குவது நெடுநாள் வழக்கம். அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இருந்தால் பல சமயம் பலவந்தத்துக்கு வேலையே வருவதில்லை. ஆகவே "அவங்க சண்டை" என்று நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

சங்கிலியிலிருந்து சட்டம் வரை

ஒரு காலத்தில் இந்த வாதத்துக்கு இடமே இருக்கவில்லை. 1912-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டத்தின் பெயரே "பைத்தியச் சட்டம்". ஊராரை நோயாளியிடமிருந்து காப்பாற்றுவதுதான் அதன் கவலையாக இருந்தது. 1987-ல் புதுச் சட்டம் வந்தது.

ஆனாலும் 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டுபோனார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. "அவங்க நல்லதுக்குத்தான் கட்டி வச்சோம்" என்பதுதான் அங்கேயும் சொல்லப்பட்ட நியாயம். சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதைக் குறை சொல்லவில்லை. கம்பத்தையே பெருமாளாகக் கும்பிடும் கல்லங்குறிச்சியில் அம்மா வேண்டிக்கொண்டதில் என்ன தப்பு? திருச்சி பக்கம் குணசீலத்தில் மனம் கலங்கியவர்களை ஒரு மண்டலம் தங்க வைத்துப் பிரார்த்திப்பது பழைய வழக்கம். ஏர்வாடி தர்காவிலேயே இப்போது பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்க அரசாங்கம் ஏற்பாடு செய்திருக்கிறது. வேண்டுதல் இருக்கட்டும், சங்கிலி கூடாது, தாமதமும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது நடப்பில் இருப்பது 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. நமக்குத் தெரிய வேண்டியவை இவை:

1. மனநோய் என்ற ஒரே காரணத்தால் ஒருத்திக்கு முடிவெடுக்கும் தகுதி போய்விடாது. சொன்னதைப் புரிந்துகொள்கிறாளா, செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று உணர்கிறாளா, தன் முடிவைச் சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அவள் முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகத் தோன்றுவது மட்டும் போதாது. மாமியாரை எதிர்த்துப் பேசினாள், சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்பதெல்லாம் மனநோய் ஆகாது!

2. உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ பெரிய தீங்கு என்ற நிலையில் அவசர வைத்தியம் செய்யலாம். வீட்டார் பிரதிநிதி கூட இருந்தால் அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும். இதற்கு 72 மணி நேரம்தான் உச்ச வரம்பு. இந்த அவசரத்தைச் சாக்கு வைத்து மின் அதிர்ச்சி வைத்தியம் செய்யக் கூடாது.

3. அவள் சம்மதிக்காத நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமென்றால், பிரதிநிதி எழுதிக் கேட்க வேண்டும். ஒரு மனநல டாக்டரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். முதலில் 30 நாள் வரைதான். அதற்குள்ளும் அவள் தேறத் தேற, அவளையே கேட்டுத்தான் வைத்தியம் நடக்க வேண்டும்.

4. இப்படிச் சேர்த்ததை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் 3 நாளுக்குள்! அவளோ அவள் பிரதிநிதியோ வாரியத்திடம் முறையிடலாம்.

5. சங்கிலி போடுவது அறவே கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், டாக்டர் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டுமே கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறைக்காகவோ கட்டக் கூடாது. எழுதி வைக்க வேண்டும்.

6. தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் 15 நாளுக்கு ஒரு தரம் மறுபடி யோசிக்க வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்து வைத்தியம் செய்யும் தனிப் பிரிவு இருக்கிறது.

சட்டம் தீர்க்காத சண்டை

இவ்வளவு எழுதி வைத்த பிறகும் ஏன் வாக்குவாதம்? சட்டம் வேலி போடலாம். வேலிக்குள் எப்படி நடப்பது என்று சொல்லித்தர முடியாது. "ஆபத்து" என்று எதைச் சொல்வது? கிணற்றடியில் நின்றது ஆபத்து, சரி. இரண்டு நாள் சாப்பிடாதது? யாரோடும் பேசாதது? ஒரு டாக்டருக்கு ஆபத்தாகப் படுவது இன்னொருவருக்குப் படாது.

இது நம் ஊர்ச் சண்டை மட்டுமல்ல. இத்தாலியில் 1978-ல் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளையே மூட வழிசெய்து சட்டம் போட்டார்கள். அங்கே சம்மதமில்லாமல் ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியம் செய்ய இரண்டு டாக்டர்கள் சொல்வது போதாது. ஊர் மேயரும் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் ஏழு நாளுக்கு. ஊனமுற்றோர் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தை இந்தியா 2007-ல் ஏற்றது. அதன்படி பலவந்த வைத்தியமே கூடாது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். "அப்படியானால் கிணற்றடியில் நிற்கிறவளை என்ன செய்வது?" என்று டாக்டர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். உலகமே தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கிறது.

நல்ல குழு ஒன்று எப்படி முடிவு செய்யும் தெரியுமா? முதலில் அவளிடம் கேட்கும். மாத்திரையா, ஊசியா, எந்தக் கை, பக்கத்தில் யார் இருக்கணும் என்று சின்னச் சின்னத் தேர்வாவது அவளுக்குக் கொடுக்கும். பலவந்தம் தவிர்க்க முடியாவிட்டால் குறைந்த ஆட்கள், பெண் நர்ஸ்கள், குறைந்த நேரம். என்ன ஊசி, ஏன் என்று போடும்போதே சொல்லும். மறுப்புச் சொன்ன நர்ஸின் அபிப்பிராயத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதும். தெளிந்த பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்கும். இந்தக் கடைசிக் காரியம்தான் அநேகமாக விட்டுப்போகிறது.

ரசம் சாதத்தில் மாத்திரை

இனி அம்மாவின் விஷயம். அம்மாவைக் கோபிக்காதீர்கள். நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. டாக்டர் எம். சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த டி.என். ஸ்ரீனிவாசனும் ஆர். தாராவும், மாத்திரை மறுக்கும் நோயாளிகளுக்கு வீட்டார் தெரியாமல் மருந்து கொடுப்பதைப் பற்றி 2002-லேயே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். டாக்டர்களிடையே இதிலும் இரண்டு கட்சி. "வேறு வழியில்லாத குடும்பம் என்ன செய்யும்?" என்பது ஒரு கட்சி. "ஏமாற்றிக் கொடுப்பது வைத்தியமே அல்ல" என்பது இன்னொன்று. மறைத்துக் கொடுப்பதைப் பற்றிச் சட்டம் தனியாகப் பேசவில்லை. ஆனால் பலவந்தம், மிரட்டல், ஏமாற்று எதுவும் இல்லாமல், விவரம் சொல்லிப் பெறுவதுதான் சம்மதம் என்கிறது.

நான் இரண்டாவது கட்சி. காரணங்களைச் சொல்கிறேன்.

சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் இந்த நோயிலேயே வரக்கூடியது. நாம் நிஜமாகவே கலந்தால், "இல்லேம்மா, அது உன் மனப்பிரமை" என்று எந்த முகத்தோடு சொல்வது? ஒரு நாள் தட்டின் அடியில் வெள்ளைப் பொடியைப் பார்த்துவிட்டால் மருந்தும் போச்சு, சோறும் போச்சு, பெற்ற தாய் மேலிருந்த நம்பிக்கையும் போச்சு.

பாதிச் சாதம் மிச்சமானால் பாதி மருந்துதான் உள்ளே போகும். சில மாத்திரைகளைப் பொடி செய்யவே கூடாது. தங்கை குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள் என்றால் என்ன மருந்து, எவ்வளவு என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். சில மருந்துகள் பால் கொடுக்கும்போது ஆகும், சில ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலே, மருந்தால் தேறுகிறவள், "மாத்திரை இல்லாமலே எனக்குச் சரியாப் போச்சு பார்!" என்று நினைப்பாள். பிறகு என்றைக்குமே மாத்திரையைத் தொடமாட்டாள். அடுத்த பிரசவத்தில் இந்த நோய் திரும்பி வர வாய்ப்பு உண்டு. அப்போது அவள் சம்மதம்தான் இரண்டு உயிரைக் காப்பாற்றும்.

பிரிட்டனில் மறதி நோய் முற்றி எதுவுமே புரியாத முதியோருக்குச் சில சமயம் உணவில் மருந்து கலப்பதுண்டு. அதுவும் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், வீட்டார் எல்லாரும் கூடிப் பேசி எழுதிவைத்த பிறகுதான். உங்கள் தங்கைக்கு எல்லாம் புரிகிறது. அவள் நிலைமை வேறு.

என்ன செய்யலாம்?

* மருந்தைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் போய், சாதத்தில் கலந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். அது தெரியாமல் அவர் அளவை மாற்றினால் வினை.

* ஏன் வேண்டாம் என்கிறாள் என்று தங்கையைக் கேளுங்கள். கை நடுக்கமா, தூக்கமா, உடம்பு பெருக்கிறதா, பால் கெட்டுவிடும் என்ற பயமா, "பைத்தியம்" என்ற பட்டமா? ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு. மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், இரவு ஒரே வேளையாக்கலாம். வாயில் கரையும் மாத்திரைகளும், அவள் சம்மதித்தால் சில வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசியும் உண்டு.

* அவள் தெளிவாக இருக்கும் ஒரு மத்தியானத்தில் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. எப்போது, எப்படி என்று டாக்டரையோ அந்தச் சமூகப் பணியாளர் அம்மாவையோ கேட்டுக்கொள்ளுங்கள். "பயத்துலே கலந்தோம்டி. இனிமே கேக்காமே கொடுக்க மாட்டோம்" என்று அம்மாவே சொன்னால் இன்னும் விசேஷம். கோபிப்பாள், கோபித்துக்கொள்ளட்டும்.

* "மறுபடி இப்படி வந்தால் எனக்கு இன்ன வைத்தியம் செய்யுங்கள், இன்னது வேண்டாம், என் சார்பில் பேச இன்னார்" என்று நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதி வைக்க 2017 சட்டம் இடம் தருகிறது. உயிர் போகிற அவசரத்தில் அது டாக்டர் கையைக் கட்டாது. மற்றபடி அதற்கு மதிப்பு உண்டு. பிரதிநிதி புருஷனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவள் நம்பும் அக்காவாகவும் இருக்கலாம்.

* அடுத்த கர்ப்பம் தரித்ததுமே பழைய சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

* குழுவுக்குள் கருத்து வேற்றுமை கண்டால் பயப்படாமல் கேளுங்கள்: "இப்ப போடாட்டா என்ன ஆகும்? கொஞ்சம் பொறுக்கலாமா? வேற வழி உண்டா? எத்தனை நாளைக்கு? அவகிட்ட யார் சொல்லப் போறீங்க?" இந்த ஐந்து கேள்விக்கும் பதில் சொல்கிற குழுவை நம்பலாம்.

அரியலூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ராத்திரி வேளையில் யோசனை கேட்க 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 108.

வைத்தியத்தில் சில நாட்கள் அவளைக் கேட்காமல் முடிவெடுக்க நேரலாம். அந்த நாட்களை எண்ணி வையுங்கள். அவை முடிந்ததும் அவளைக் கேட்க ஆரம்பித்துவிடுங்கள்.